கிரேக்கம் தெரியாத ஃபாரடே 'அயான்' என்ற சொல்லைப் பிடித்த கதை

உங்க போன் பேட்டரியில் 'லித்தியம் அயான்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீங்க. அந்த 'அயான்' ஒரு கிரேக்கச் சொல். 'போவது' என்று அர்த்தம். இதை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. அவருக்கோ கிரேக்கமும் தெரியாது, லத்தீனும் தெரியாது.

1791-ல் லண்டன் பக்கத்தில், ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர் ஃபாரடே. எழுதப் படிக்க, கொஞ்சம் கணக்கு... அதோடு பள்ளிக்கூடம் முடிஞ்சது. 14 வயசில் புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகப் போனார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்கள்தான் அவருக்கு காலேஜ். 1812-ல் ஹம்ப்ரி டேவியின் அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே பைண்ட் பண்ணி டேவிக்கே அனுப்பினார். அடுத்த வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. (இதைவிட நல்ல ரெஸ்யூமே இருக்கா என்ன?)

நம்ம கதை நடப்பது 1834-ல். திரவத்துக்குள் மின்சாரம் பாய்ந்தால், அதில் உள்ள பொருள் பிரியும். மின்சாரம் நுழையும் முனையையும் வெளியேறும் முனையையும் அப்போது 'போல்' என்றார்கள், காந்தத்துக்குச் சொல்வது மாதிரியே. ஃபாரடேவுக்கு இது உறுத்தியது. காந்தம் இழுப்பதுபோல அந்த முனைகள் எதையும் இழுப்பதில்லை என்பது அவர் சோதனைகளில் கண்ட முடிவு. பெயரே தப்பாக இருந்தால், படிக்கிறவங்களும் தப்பாகத்தானே புரிஞ்சுக்குவாங்க?

அதற்குள் அவர் பெரிய விஞ்ஞானி. தெரிந்த மாதிரி சமாளித்திருக்கலாம். ஆனால், கேட்டார். முதலில் ஒரு டாக்டர் நண்பரிடம். 'எலெக்ட்ரோடு', 'எலெக்ட்ரோலைட்' எல்லாம் அப்படிக் கிடைத்தவை. பிறகு கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹியூவெல்லுக்குக் கடிதம் எழுதினார். ஹியூவெல், தச்சர் வீட்டுப் பிள்ளை; கிரேக்கம் கரைத்துக் குடித்தவர். கடிதங்கள் போய்வந்தன. ஆனோடு, கேத்தோடு, அயான் பிறந்தன.

ஸ்கூலில் ஆனோடு எது, கேத்தோடு எது என்று குழம்பினீங்களா? வேரைப் பிடிங்க. 'ஹோடோஸ்' என்றால் வழி. 'ஆனா' மேலே, 'காட்டா' கீழே. மின்சாரம் கிழக்கிலிருந்து மேற்கே ஓடுவதாக வைத்துக்கிட்டா, அது நுழையும் பக்கம் சூரியன் ஏறும் வழி, ஆனோடு. வெளியேறும் பக்கம் சூரியன் இறங்கும் வழி, கேத்தோடு.

இந்த 'ஹோடோஸ்' வேற எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்கு தெரியுமா? 'பெரி' என்றால் சுற்றி; சுற்றி வரும் வழி 'பீரியட்'. 'மெத்தட்' என்பது ஒன்றைப் பின்தொடரும் வழி. ராத்திரி முழுக்க நீங்க பார்க்கும் வெப் சீரிஸ் 'எபிசோட்'கூட, இடையில் கூடுதலாக உள்ளே வருவது என்ற பொருளில் பிறந்ததுதான். 'லைசிஸ்' என்றால் அவிழ்ப்பது. எலெக்ட்ரோலைசிஸ், டயாலிசிஸ், அனாலிசிஸ் எல்லாமே அந்தக் குடும்பம். தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய வேலை மிச்சம்.

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடிவந்தபோதும் ஃபாரடே வேண்டாம் என்றார். 1867-ல் இறந்தார். கெபாசிட்டர்களை இன்று 'ஃபாரட்' என்ற அலகில் அளக்கிறோம். அதுக்கு மட்டும் கிரேக்க வேர் தேடாதீங்க. அது அவர் பேர்.