இருமுறை நாடிழந்த ரோஜர் வில்லியம்ஸ்

பிறந்த மண்ணைப் பிரிந்து வேற்று மண்ணிற் குடியேறுவோர் பல வகையினர். பொருளை நாடிச் செல்வோர் உண்டு. அரசின் கொடுமைக்கு அஞ்சிச் செல்வோர் உண்டு. தம் சமயக் கொள்கையைக் காத்துக்கொள்ளச் செல்வோரும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தினின்று அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களிடம் இம்மூன்று நோக்கங்களும் கலந்தே கிடந்தன. அவர்களுள் ஒருவர், தஞ்சம் புகுந்த நாட்டிலேயே மீண்டும் தஞ்சம் தேட வேண்டியவரானார். அவரே ரோஜர் வில்லியம்ஸ்.

ஏறத்தாழ 1603-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வணிகர் ஒருவரின் மைந்தராக அவர் பிறந்தார். நீதிமன்ற வாதங்களைச் சுருக்கெழுத்தில் எழுதும் அவரது திறனைக் கண்டு வியந்தவர் சட்ட மேதை சர் எட்வர்ட் கோக். அவருடைய ஆதரவினால் நல்ல பள்ளியிற் பயின்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1627-இல் பட்டமும் பெற்றார் வில்லியம்ஸ். பன்மொழி கற்ற அவ்விளைஞருக்குத் திருச்சபையிலே உயர்பதவி காத்திருந்தது. ஆனால் அவர் மனம் அதில் ஒன்றவில்லை.

அக்காலத்து இங்கிலாந்தில் அரசரே திருச்சபைக்கும் தலைவர். ஆகவே சமயத்தில் மாறுபடுவது அரசை எதிர்ப்பதாகவே கருதப்பட்டது. முதலாம் சார்லஸ் மன்னர் 1629-இல் பார்லிமெண்டைக் கலைத்துத் தனியாட்சி நடத்தலானார். லண்டன் பிஷப் வில்லியம் லாட் என்பவர், சபையைத் தூய்மைப்படுத்த விரும்பிய பியூரிட்டன்களை ஒடுக்கினார். அவ்வாண்டிலேயே பியூரிட்டன்களும் வணிகர்களும் கூடி மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனிக்கு அரசரிடம் சாசனம் பெற்றனர். பெயரளவில் அது வாணிகக் கம்பெனி. உள்ளத்திலோ தேவனுக்கு ஒரு தனிநாடு அமைக்கும் கனவு. சாசனத்தையே கையிலெடுத்துக்கொண்டு 1630-இல் ஜான் விந்த்ராப் தலைமையில் பெருந்திரளான மக்கள் கடல் கடந்தனர்.

வில்லியம்ஸ் தம் மனைவி மேரியுடன் 1631 பிப்ரவரியில் அங்குப் போய்ச் சேர்ந்தார். பாஸ்டன் சபையார் அவரைக் குருவாக அழைத்தனர். இங்கிலாந்துத் திருச்சபையினின்று முற்றும் விலகாத சபையில் தாம் பணிபுரிவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். வந்தவுடனேயே வந்த வாய்ப்பைத் துறந்த அவரைக் கண்டு பலரும் திகைத்தனர். பின்னர்ச் சேலம் நகரிலும் பிளிமத் குடியிருப்பிலும் வாழ்ந்தார். உழவும் வாணிகமும் செய்து பிழைத்தார். மண்ணின் மக்களான செவ்விந்தியரின் குடில்களிலே தங்கி, அவர்தம் மொழியைப் பொறுமையோடு கற்றார்.

அவருடைய கருத்துக்கள் இரண்டு ஆட்சியாளரை நடுங்கச் செய்தன. முதலாவது, நிலத்தைப் பற்றியது. அமெரிக்க மண் அங்கு வாழ்வோருக்கே உரியது. அதனை எடுத்து வழங்க இங்கிலாந்து மன்னருக்கு உரிமையில்லை. உரியவரிடம் முறைப்படி பெறுவதே நீதி என்றார். இரண்டாவது, மனச்சாட்சியைப் பற்றியது. கொலை, களவு முதலிய குற்றங்களைத் தண்டிக்க அரசுக்கு உரிமையுண்டு. வழிபாட்டையும் ஓய்வுநாளையும் பற்றி ஒருவனைத் தண்டிக்க உரிமையில்லை என்றார்.

சபை உறுப்பினருக்கன்றி வாக்குரிமை இல்லை என்று 1631-இலேயே விதித்திருந்த மாசசூசெட்சில் இக்கருத்துக்கள் வெடிமருந்து போன்றவை. அன்றியும், லாட் தலைமையில் 1634-இல் அமைக்கப்பட்ட குழுவினர் சாசனத்தைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொண்டிருந்தனர். அந்நேரத்தில் அச்சாசனமே செல்லாது என்று ஒருவர் பேசினால் குடியேற்றத்தின் அடித்தளமே ஆட்டங்காணுமன்றோ? ஆகவே அவரை விலக்கியதற்குச் சமயவெறி மட்டுமே காரணமென்பது பொருந்தாது. நிலத்தாசையும் அரசியல் அச்சமும் அதிற் பங்கு கொண்டன.

1635 அக்டோபரில் பொதுமன்றம் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. அந்நாட்களிலே பிறந்த தம் பெண்குழந்தைக்குச் சுதந்திரமாய்ப் பிறந்தவள் எனப் பொருள்படும் பெயரையே அவர் சூட்டினார்! வசந்தகாலம் வரை தங்க அனுமதி கிடைத்தது. எனினும் அவர் தம் கருத்துக்களைப் பேசுவதை நிறுத்தவில்லை. அவரைப் பிடித்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப ஆட்சியாளர் திட்டமிட்டனர். அவர்களுள் ஒருவரான விந்த்ராப்பே இரகசியமாக எச்சரித்து, தெற்கே போகுமாறு வழிகாட்டினார் என்பது மனித உள்ளத்தின் விந்தை. 1636 ஜனவரியில், நோயுற்ற உடலோடு, உறைபனியில் தனியராய் வெளியேறினார் வில்லியம்ஸ். பதினான்கு வாரங்கள் நல்ல உணவும் படுக்கையுமின்றி அலைந்தார். கிறிஸ்தவர் துரத்திய அவரை மசசாய்ட் என்னும் செவ்விந்தியத் தலைவரின் மக்கள் வரவேற்றுக் காத்தனர்.

பின்னர் நாரகான்செட் குலத்தலைவர்களான கனானிக்கஸ், மியாந்தனோமி ஆகியோரிடம் நிலம் பெற்று, அவ்வாண்டிலேயே ஓர் ஊரை அமைத்தார். இறைவனின் அருட்காவலைக் குறிக்கும் பிராவிடன்ஸ் என்னும் பெயரை அதற்கிட்டார். உலகியற் காரியங்களில் மட்டுமே பெரும்பான்மையோர் முடிவுக்குக் கட்டுப்படுவதென்று அவ்வூரார் உடன்படிக்கை செய்துகொண்டனர். மனச்சாட்சி அவரவர்க்கே விடப்பட்டது.

இக்குடியிருப்பை அண்டை நாட்டார் விழுங்கிவிடாதபடி காக்க 1643-இல் இங்கிலாந்து சென்றார். மாசசூசெட்ஸ் துறைமுகம் தமக்கு அடைபட்டிருந்தமையால், டச்சுக்காரரின் நியூ ஆம்ஸ்டர்டாமிலிருந்தே கப்பலேறினார். செவ்விந்திய மொழியைப் பற்றிய அவரது நூல் அவ்வாண்டிலேயே லண்டனில் வெளிவந்தது. 1644-இல் பார்லிமெண்டிடமிருந்து சாசனம் பெற்றார். அதே ஆண்டில் சமயக் கொடுமையைக் கண்டித்து அவர் எழுதிய நூலைத் தீயிலிடுமாறு அதே பார்லிமெண்ட் கட்டளையிட்டது. 1663-இல் இரண்டாம் சார்லஸ் வழங்கிய சாசனம் ரோட் தீவின் சமய உரிமையை உறுதி செய்தது.

அவரது கொள்கைக்கு உண்மையான சோதனை குவேக்கர்களால் வந்தது. அவர்களது போதனையை அவர் அறவே வெறுத்தவர். 1672-இல், எழுபது வயதை நெருங்கிய நிலையில், நாள் முழுதும் தாமே துடுப்பு வலித்துச் சென்று அவர்களோடு பல நாள் வாதிட்டார். பாஸ்டனிலோ 1659-க்கும் 1661-க்கும் இடையில் நான்கு குவேக்கர்கள் தூக்கிலிடப்பட்டனர். அவர்களை வெளியேற்றுமாறு அண்டை நாடுகள் வற்புறுத்தியும் ரோட் தீவு இணங்கவில்லை. சொல்லால் எதிர்த்தாரேயன்றி, அரசின் கோலால் எதிர்க்க அவர் ஒப்பவில்லை. தாம் வெறுக்கும் கொள்கையினருக்கும் உரிமை தருவதன்றோ உரிமையை மதித்தல்?

ஆயினும் அவரும் குறைகளற்றவர் அல்லர். 1636-இல் தொடங்கிய பீக்வாட் போரின்போது, தம்மைத் துரத்திய மாசசூசெட்சுக்கே துணைநின்று, நாரகான்செட்டார் பீக்வாட்டாரோடு சேராதபடி தடுத்தார். அப்போரிற் சிறைபட்ட ஒரு சிறுவனைத் தம் வீட்டுப் பணிக்கு வேண்டிப் பெற்றார். 1675-இல் மூண்ட பெரும்போரில் அவர் காத்த நட்பும் முறிந்தது. 1676 மார்ச்சில் பிராவிடன்ஸ் எரிந்தபோது அவரது இல்லமும் சாம்பலாயிற்று. போருக்குப்பின், சிறைபட்ட செவ்விந்தியரைப் பல்லாண்டு அடிமைப் பணிக்கு விற்ற குழுவில் அவரும் இடம்பெற்றார். நிலம் அவர்களுடையது என்று முழங்கியவரின் வாழ்வில் இது மறைக்கவொண்ணாத கறை.

1683-இல் வறியவராகவே அவர் மறைந்தார். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், நாடாளும் மன்றம் எந்தச் சமயத்தையும் அரசுச் சமயமாக நிறுவுவதை 1791-இல் தடை செய்தது. மாசசூசெட்ஸ் தன் பழைய தீர்ப்பை நீக்க 1936 வரை, அதாவது முந்நூறு ஆண்டுகள் ஆயின! 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவும் மனச்சாட்சி உரிமையை அனைவர்க்கும் வழங்குகின்றது.

பிறமொழியாளர் நடுவே வாழும் நமக்கு இவர் வரலாறு அயலாருடையதன்று. தமக்கு உரிமை வேண்டிக் கடல் கடந்தோர் பலர். அதே உரிமையைப் பிறர்க்கும் வழங்கத் துணிந்தோர் சிலரே. குடியேறிய இடத்தின் மொழியை ஆவலோடு கற்ற அந்தச் சிலருள் ஒருவரை, அவர் நிறையோடும் குறையோடும் நினைவு கூர்வோமாக.