கணக்கு நோட்டில் கிடைத்த ஓவியம்

குழந்தைகளே, கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் நம் கோயம்புத்தூரில் பிறந்தவர். 17 வயதிலேயே சென்னைக் கண்காட்சியில் அவரது ஓவியங்கள் இடம்பெற்றன. ஆனாலும் தந்தி இலாகா, இன்சூரன்ஸ் என்று வேலை பார்த்துவிட்டு, 1936-ல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1957-ல் அதற்கே முதல்வரானார்!

ஒரு கவலை அவரை வாட்டியது. அந்நாளில் ஓவியம் வாங்குவோர் குறைவு. படித்து முடித்த மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்தார்கள். என்ன செய்வது? ஓவியம் விற்காவிட்டால் துணி விற்குமே! துணியில் மெழுகால் படம் எழுதிச் சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஏறாது. இதுதான் பத்திக். இப்படிக் கைவினைப் பொருள்கள் செய்து விற்ற பணத்தில், 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடலோரம் நிலம் வாங்கினார்கள். அதுவே சோழமண்டலம் ஓவியர் கிராமம். பிழைப்புக்குக் கைத்தொழில், மனதுக்குப் பிடித்தபடி ஓவியம், சிற்பம்!

1963-ல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டு பணிக்கர் கண்ணில் பட்டது. எண்கள், கட்டங்கள், குறிகள்... அவருக்கு அதுவே ஓவியமாகத் தெரிந்தது. (நானாக இருந்தால் விடை சரியா என்றுதான் பார்த்திருப்பேன்!) ஜாதகக் கட்டமும், படிக்க முடியாத எழுத்துகளும் சேர்த்து, 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைப் படைத்தார். 1977-ல் மறையும்வரை அந்த வரிசையை அவர் விடவில்லை.

சென்னைக்குப் போனால் சோழமண்டலத்தையும் பார்த்து வாருங்கள்.