ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்குதா? கார் உலகையே திருப்பிப் போட்ட அலெக் இசிகோனிஸ் கதை!

காரை ரீமேப் செய்து பவர் ஏற்றியாச்சு. சிக்னல் விழுந்ததும் ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துகிறீர்கள். கார் பாய்கிறது, ஆனா ஸ்டீயரிங் கையை விட்டு ஒரு பக்கமா இழுக்குது. இதற்குப் பெயர்தான் 'டார்க் ஸ்டீயர்'.

இன்று நம்ம ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. இன்ஜினைக் குறுக்காக வைத்து முன்சக்கரத்தை ஓட்டும் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் பெரிய பங்கு ஒரு மனிதருக்கு உண்டு. அவர் சர் அலெக் இசிகோனிஸ், மினி காரை உருவாக்கியவர். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், உங்கள் ஸ்டீயரிங் ஏன் இழுக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

அகதியாக வந்த இளைஞர்

1906 நவம்பர் 18-ம் தேதி, இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் ஸ்மிர்னா நகரில் பிறந்தார் இசிகோனிஸ். அப்பா கிரேக்க வம்சாவளி, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். அம்மா ஜெர்மானியர். 1922-ல் போரில் அந்த நகரம் வீழ்ந்தபோது குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பிரிட்டிஷ் கப்பலில் மால்டா தீவுக்குப் போனது. அப்பா அங்கேயே இறந்துபோனார். அம்மாவும் மகனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

லண்டன் பேட்டர்ஸீ பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். கணக்குப் பரீட்சையில் 3 முறை ஃபெயில்! ஆனால் படம் வரைவதில் கில்லாடி. 1936-ல் மோரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-ல் வந்தது. 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் அதுதான்.

பெட்ரோல் தட்டுப்பாடு தந்த மினி

1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. குறைந்த பெட்ரோலில் ஓடும் நிஜமான சின்ன கார் ஒன்று வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) தலைவர் லியோனர்ட் லார்ட், இசிகோனிஸிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

வெறும் 3.05 மீட்டர் நீளத்தில் 4 பேர் உட்கார வேண்டும். எப்படி? இன்ஜினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், ஆயில் சம்ப்புக்குள்ளேயே வைத்தார். சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளினார். அதுவும் 10 அங்குலச் சக்கரங்கள்! காரின் பெரும்பகுதி இடம் பயணிகளுக்கே கிடைத்தது.

குறுக்கு இன்ஜினும் முன்சக்கர இழுவையும் புதிதல்ல. ஜெர்மனியின் டிகேடபிள்யூ, ஸ்வீடனின் சாப் கார்களில் 2 சிலிண்டர் இன்ஜினோடு முன்பே இருந்தன. 4 சிலிண்டர் இன்ஜினை இவ்வளவு சின்ன இடத்தில் அடக்கி, லட்சக்கணக்கில் விற்கும் காராக மாற்றியதுதான் இசிகோனிஸின் சாதனை.

ஒரே சக்கரத்துக்கு 2 வேலை

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்குது. முன்சக்கர இழுவையில் ஒரே சக்கரம் காரை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட் போட்டால், சக்கரம் அதிகமாகத் திரும்பும்போது சுழலும் வேகம் கூடிக் குறையும். அந்த அதிர்வு நேராக டிரைவர் கைக்கு வரும்.

அதற்கு விடை, இன்று எல்லா மெக்கானிக்கும் சொல்லும் 'சிவி ஜாயின்ட்'. பொறியாளர் ஆல்ஃப்ரெட் செப்பா 1920-களில் உருவாக்கிய வடிவம் அது. மினி அதைப் பயன்படுத்திக்கொண்டது. 1959 ஆகஸ்ட் 26-ல் மினி அறிமுகமானது. 848 சிசி, 34 குதிரைத்திறன். அந்த அளவு சக்தியை முன்சக்கரங்கள் அலட்டிக்கொள்ளாமல் தாங்கின.

முதல் 'மாடிஃபிகேஷன்'

இசிகோனிஸின் நண்பர் ஜான் கூப்பர், ஃபார்முலா 1 கார் தயாரிப்பாளர். மினியை ஓட்டிப் பார்த்ததும் இதில் இன்னும் பவர் ஏற்றலாமே என்று கிளம்பிவிட்டார். சாதாரண மக்களுக்காகச் செய்த காரை ரேஸ் காராக்குவதில் இசிகோனிஸுக்குப் பெரிய விருப்பமில்லை. ஆனால் நிறுவனம் சம்மதித்தது.

1961-ல் மினி கூப்பர் வந்தது. 997 சிசி, 55 குதிரைத்திறன். கவனிக்க வேண்டியது, பவரை மட்டும் ஏற்றவில்லை, முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் வைத்தார்கள். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை மினி வென்றது. 1966-லும் முதல் 3 இடங்களில் வந்தது, ஆனால் ஹெட்லைட் விதிமீறல் என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டது.

அப்போ ஸ்டீயரிங் ஏன் இழுக்குது?

சம்ப்புக்குள் கியர்பாக்ஸ் வைப்பது எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. இத்தாலியின் ஃபியட் பொறியாளர் டான்டே ஜியாகோசா, கியர்பாக்ஸை இன்ஜினின் பக்கவாட்டில் வைத்தார். 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலா, 1969-ல் ஃபியட் 128. உலகம் பிடித்துக்கொண்டது இந்த முறையைத்தான். 1983-ல் வந்த மாருதி 800-ம் இதே வகைதான்.

இதில் ஒரு குறை. டிஃபரன்ஷியல் ஒரு பக்கம் ஒதுங்குவதால், ஒரு டிரைவ் ஷாஃப்ட் குட்டை, இன்னொன்று நீளம். வேகமாகக் கிளம்பும்போது காரின் முன்பக்கம் எழும்பும். அப்போது குட்டை ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் சாயும். அதனால் இரண்டு சக்கரங்களையும் திருப்பப் பார்க்கும் விசைகள் சமமாக இருக்காது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் போகும். பவர் கூடக் கூட இழுப்பும் கூடும்.

குறைக்க என்ன வழி?

* முதலில் அடிப்படை: இரண்டு முன் டயரும் ஒரே வகை, ஒரே தேய்மானம், ஒரே காற்றழுத்தம். வீல் அலைன்மென்ட் சரியாக இருக்கணும்.
* தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ், இன்ஜின் மவுன்ட் இருந்தால் பவர் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள்.
* காரை ரொம்பத் தாழ்த்தினால் ஷாஃப்ட் கோணம் மாறும். வெளியே தள்ளி நிற்கும் அகலமான வீல், ஸ்டீயரிங் மீதான இழுப்பைக் கூட்டும்.
* நீளமான பக்கத்தில் பேரிங்கோடு ஒரு இடை ஷாஃப்ட் வைத்து இரண்டையும் சம நீளமாக்குவது நல்ல தீர்வு. பல நிறுவனங்கள் கம்பெனியிலேயே இதைச் செய்கின்றன.
* ரீமேப் செய்யும்போது 1, 2-வது கியரில் டார்க்கைக் குறைத்து வைக்கச் சொல்லலாம்.
* லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பிடிமானத்தைக் கூட்டும். ஆனால் அதுவே ஸ்டீயரிங்கை இழுக்கவும் செய்யலாம்.

2009-ல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் காரில் 300-க்கும் மேற்பட்ட குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கே கொடுத்தார்கள். அதற்காக ஸ்டீயரிங் திரும்பும் அச்சைச் சக்கரத்தின் மையத்துக்கு அருகில் கொண்டுவரும் தனி சஸ்பென்ஷனே தேவைப்பட்டது.

கடைசிக் காலம்

1969-ல் இசிகோனிஸுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே நிறுவனம் பிரிட்டிஷ் லேலண்டாக மாறி, அவர் ஓரங்கட்டப்பட்டிருந்தார். 1971-ல் ஓய்வு. 1988 அக்டோபர் 2-ல் பர்மிங்காமில் காலமானார். அவருடைய மினி 2000-ம் ஆண்டு வரை தயாரிப்பில் இருந்தது. மொத்தம் 53 லட்சத்துக்கும் மேல்.

34 குதிரைத்திறனுக்குக் கணக்குப் போட்டுச் செய்த கார் அது. கூப்பர் பவர் ஏற்றியபோது பிரேக்கையும் சேர்த்தே மாற்றினார். உங்கள் காருக்கும் கம்பெனி ஒரு கணக்குப் போட்டுத்தான் ஷாஃப்ட், புஷ், பிரேக் எல்லாம் வைத்திருக்கிறது. ரீமேப் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனா ஹைவேயில் ஓவர்டேக் பண்ணும்போது ஸ்டீயரிங் எதிர்வரிசைப் பக்கம் இழுத்தால், யோசிக்க ஒரு நொடிகூட இருக்காது.