கொன்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கி (1857 – 1935)

ரஷ்யாவின் இஜெவ்ஸ்கோயே கிராமத்தில் 1857ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி சியோல்கோவ்ஸ்கி பிறந்தார். ஏறத்தாழப் பத்து வயதில் வந்த கடுங் காய்ச்சலால் அவரது செவிப்புலன் பெரிதும் பாதிக்கப்பட்டது. ஆசிரியர் சொல்வது கேளாமையால் பாடசாலைக் கல்வியும் இடைநின்றது. பதின்மூன்றாவது வயதில் தாயை இழந்தார். பதினாறு வயதில் மொஸ்கோ சென்று, மூன்று ஆண்டுகள் நூலகத்திலிருந்து கணிதத்தையும் பௌதிகவியலையும் தாமாகவே கற்றார். கையிலிருந்த பணம் நூல்களுக்கும் பரிசோதனைப் பொருள்களுக்கும் செலவானது, பாணே உணவாயிற்று. பின்னர் ஆசிரியர் பரீட்சையிற் சித்தியடைந்து, பொரொவ்ஸ்கிலும் கலூகாவிலும் கற்பித்தார்.

1903இல் வெளியான கட்டுரையில் ரொக்கற் சமன்பாட்டை விளக்கினார். ரொக்கற் பெறும் வேகம் இரண்டில் தங்கியுள்ளது: வெளியேறும் வாயுவின் வேகம், தொடக்கத் திணிவுக்கும் எஞ்சும் திணிவுக்கும் உள்ள விகிதம். புவியைச் சுற்றிவர செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகம் வேண்டும். வாயு 4 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறினால், வளித்தடையையும் புவியீர்ப்பின் இழப்பையும் விட்டுவிட்டாலும், 7.4 தொன் ரொக்கற்றில் 1 தொன்னே எஞ்சும். மிகுதி எரிபொருளும் அதனை எரிக்கும் ஒட்சியேற்றியும் ஆகும். எரிபொருளைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் தேவைப்படுகின்றது!

மாணவர் பலர் இவரை இச்சமன்பாட்டுடன் மாத்திரமே நினைவில் வைப்பர். ஆனால் அது காட்டிய தடைக்கு மாற்றுவழியையும் இவரே தேடினார். 1908இல் ஓக்கா ஆற்று வெள்ளம் வீட்டினுட் புகுந்து கையெழுத்துப் பிரதிகள் பலவற்றை அழித்தபோதும் ஆய்வு நிற்கவில்லை. 1924இல் எழுதிய கட்டுரையொன்றில், சக்தியைக் கலத்தில் ஏற்றாது, குறுகிய அலைநீளமுடைய மின்காந்த அலைகளின் சமாந்தரக் கற்றையாகப் புவியிலிருந்து அனுப்பலாம் என்றார். கோப்பாய்த் தோட்டங்களில் நீர் இறைப்பதைப் பாருங்கள். மண்ணெண்ணெய் இயந்திரம் தன் எரிபொருளைத் தானே சுமக்கின்றது. மின்மோட்டருக்கோ சக்தி வெளியிலிருந்து கம்பி வழியே வருகின்றது. சியோல்கோவ்ஸ்கி கம்பியின் இடத்திற் கதிரை வைத்தார்.

அத்தகைய கற்றையைத் தரவல்ல கருவி அன்று இருக்கவில்லை. 1935 செப்டெம்பர் 19ஆந் திகதி அவர் கலூகாவிற் காலமானார். முதலாவது லேசர் 1960இலேயே இயங்கியது. தரையிலுள்ள லேசரால் கலங்களை ஏவலாம் என 1972இல் ஆதர் கன்ரோவிற்ஸ் முன்மொழிந்தார். 2000 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் வைற் சாண்ட்ஸ் பரிசோதனைக் களத்தில், லீக் மைராபோ குழுவினரின் சிறு கலமொன்று லேசர்க் கதிரால் ஏறத்தாழ 71 மீற்றர் உயர்ந்தது. அதன் அடிப்புற ஆடி கதிரைக் குவிக்க, அங்குள்ள வளி சடுதியாக வெப்பமேறி விரிந்து கலத்தை மேலே தள்ளியது. பறப்பு 13 செக்கன்களுக்குள் முடிந்தது. சுற்றுப்பாதைக்குக் கலமொன்றை ஏற்றப் போதிய வலுவுடைய லேசர் இன்னும் அமைக்கப்படவில்லை.