தமிழில் இரசாயனம் தந்த டாக்டர் கிரீன்

கடல் கடந்து வாழும் தமிழராகிய நாம், கடல் கடந்து வந்து தமிழைத் தமதாக்கிக்கொண்ட பெரியார் ஒருவரை நினைவுகூர்தல் முறையேயாகும். அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பிறந்த இவர், மருத்துவம் பயின்று, அமெரிக்க மிஷன் சார்பில் 1847-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அடுத்த ஆண்டே மாணாக்கர்க்கு மருத்துவம் கற்பிக்கலானார். மானிப்பாய் அவர்தம் பணிக்களமாயிற்று.

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர்களோ ஊதியம் நாடி அயலூர் சென்றனர். நாட்டுப்புறத்து நோயாளி மருத்துவரின்றி வருந்தினான். இதனை உணர்ந்த கிரீன், தாமே தமிழ் பயின்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்க முற்பட்டார். இடையில் தாயகம் சென்று, 1862-ல் மீண்டு வந்தபின் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவருள் ஏறக்குறையப் பாதியினர் தமிழில் கற்றவர். இரணவைத்தியம் 1867-ல் வெளிவந்தது. 1873-ல் அவர் தாயகம் திரும்பிய பின்னரும் நூற்பணி நிற்கவில்லை. மாணாக்கர் துணையோடு உருவான கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875-ல் அச்சேறியது.

இரசாயனம் தமிழில் விளங்குமா என்று ஐயுறுவார் இன்றும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேன். பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் நிலைநாட்டிய விதிப்படி, இரசாயன மாற்றத்தில் பொருளின் எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஏற்றிய சரக்கின் எடையும் இறக்கிய சரக்கின் எடையும் ஒத்திருத்தல் போன்றதே இது. 4 கிராம் ஹைட்ரஜனும் 32 கிராம் ஆக்ஸிஜனும் கூடினால் 36 கிராம் நீர் உண்டாகும். ஆகவே சமன்பாட்டில் ஹைட்ரஜன் மூலக்கூறு 2, ஆக்ஸிஜன் மூலக்கூறு 1, நீர் மூலக்கூறு 2 என்று எழுதுகிறோம். வாய்பாட்டின் முன் நிற்கும் எண்ணையே மாற்றலாம். உள்ளே நிற்கும் எண்ணைத் தொடலாகாது. நீரின் வாய்பாட்டில் ஆக்ஸிஜன் ஒன்றைக் கூட்டினால், அது நீரன்று. ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் வேறு பொருளாம்.

லம்பா லைனில் நம் பிள்ளைகள் சிலர் இக்கணக்கிற்கு அஞ்சுவதைக் கண்டிருக்கிறேன். அவர்க்குக் கடினமாயிருப்பது கணக்கன்று. பொருளறியாது மனனம் செய்த பாடமே. வீட்டு மொழியில் ஒருமுறை விளக்கினால் அச்சம் அகலும்.

1884-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கிரீன் ஊஸ்டரில் மறைந்தார். தமிழர்க்குத் தொண்டாற்றிய மருத்துவர் என்பதே தம் கல்லறையில் பொறிக்கப்பெற வேண்டும் என்று அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பெற்றது. அயல்நாட்டார் ஒருவர் நம் மொழியில் வைத்த நம்பிக்கையை, அன்பர்களே, நாமும் நம் மக்களுக்கு வழங்குவோமாக.