லாசன் டெய்ட்: ஒரு மரணம் கற்பித்த பாடம்

மாணவர்களே, கரு வளர வேண்டிய இடம் கருப்பை. சில வேளைகளில் அது கருப்பையை வந்தடையாமல், வழியில் உள்ள மெல்லிய கருக்குழாயிலேயே தங்கிவிடுகிறது. 100 கருத்தரிப்புகளில் ஒன்றிரண்டு இவ்வாறு அமைவதுண்டு. கரு வளரும்போது குழாய் வெடித்தால், வயிற்றுக்குள் இரத்தம் பெருகித் தாயின் உயிருக்கே ஆபத்தாகும். 19ஆம் நூற்றாண்டில் இந்நிலைக்கு ஆளான பெண்களில் பலர் காப்பாற்ற வழியின்றி மாண்டனர். அவர்களுக்கு வழி காட்டியவர் லாசன் டெய்ட்.

1845 மே 1ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்த டெய்ட், அங்கேயே மருத்துவம் பயின்றார். பின்னர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் குடியேறி, 1871இல் தொடங்கப்பட்ட பெண்கள் மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார். வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சைக்குப் பலர் அஞ்சிய அக்காலத்தில், அதில் அவர் பெயர் பெற்றார்.

ஆயினும், 1881இல் அவரே தயங்கினார். கருக்குழாய் வெடித்ததாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணைப் பார்க்க ஹால்ரைட் என்ற மருத்துவர் அவரை அழைத்து, உடனே அறுவைச் சிகிச்சை செய்யுமாறு வேண்டினார். டெய்ட் இணங்கவில்லை. அப்பெண் இறந்தார். உடலைப் பரிசோதித்தபோது, இரத்தக் குழாயைக் கட்டி, கிழிந்த கருக்குழாயை அகற்றியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பது தெரிந்தது.

1883 ஜனவரியில் அதே போன்ற மற்றொரு பெண் வந்தார். இம்முறை டெய்ட் பின்வாங்கவில்லை. ஆனால், ஒட்டியிருந்த நஞ்சுக்கொடியைப் பிரிக்க முயன்றபோது இரத்தப்போக்கு கட்டுக்கு அடங்கவில்லை, அப்பெண்ணும் இறந்தார். எங்கே பிசகியது என்று டெய்ட் ஆராய்ந்தார். முதலில் இரத்தம் வரும் வழியைக் கட்டிவிட வேண்டும், மற்றவை பிறகுதான் என்று முடிவு செய்தார். அவ்வாண்டு மார்ச் மாதம் அம்முறையில் சிகிச்சை பெற்ற பெண் உயிர் பிழைத்தார். 1884இல் தாம் சிகிச்சை செய்த ஐவரைப் பற்றி அவர் எழுதினார். அவர்களில் நால்வர் பிழைத்திருந்தனர். தோல்வியுற்ற முதல் சிகிச்சையை அவர் மறைக்கவில்லை.

டெய்ட் எல்லாவற்றிலும் சரியாக இருந்தவர் அல்லர். அறுவையின்போது கிருமிநாசினி தெளிக்கும் லிஸ்டரின் முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். ஆனால், தூய்மையை வலியுறுத்துவதில் விட்டுக்கொடுக்கவில்லை. 1899 ஜூன் 13ஆம் நாள் அவர் காலமானார்.

இன்று ஸ்கேன் பரிசோதனை, குழாய் வெடிக்கும் முன்னரே சிக்கலைக் காட்டிவிடுகிறது. சிலருக்கு மருந்தே போதுமானது. எனினும், கருத்தரித்த தொடக்க வாரங்களில் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம் ஆகியவை ஏற்பட்டால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதம் ஓர் உயிரைப் பறிக்கும் என்பதை டெய்ட் 1881இல் கண்ணால் கண்டார். அந்த மரணத்தை அவர் மறந்திருந்தால், அடுத்து வந்தவர்களும் பிழைத்திருக்கமாட்டார்கள்.