குமரப்பாவின் கணக்கில் கைவேலை

குரோஷா பின்னலும் கம்பளிப் பின்னலும் கற்றுத்தரும் வார இறுதி வகுப்புகள் இப்போது பெருநகரங்களில் நடக்கின்றன. மையும் தூரிகையும் கொண்டு மூங்கில் இலை வரையப் பழகுகிறவர்களும், களிமண்ணில் கிண்ணம் வனைகிறவர்களும் கூடி வருகிறார்கள். மனம் லேசாகிறது என்கிறார்கள்; நான் நம்புகிறேன். ஆனால், எங்கள் ஓடைப்பட்டிப் பக்கத்தில் தக்காளிக்கும் கத்தரிக்கும் மூங்கில் கூடை முடைந்தவர்களிடம் உங்கள் மனம் லேசாகிறதா என்று யாரும் விசாரித்ததில்லை. கூடைக்கு என்ன விலை என்றுதான் கேட்டோம். பிளாஸ்டிக் பெட்டி வந்த பிறகு அதையும் கேட்பதில்லை.

ஒரே கைவேலை ஒருவருக்குக் காசு கொடுத்துப் பெறும் இன்பமாகவும், மற்றொருவருக்குக் காசு போதாத பாடாகவும் எப்படிப் பிரிந்தது? இதைப் பொருளியலுக்கு உரிய கேள்வியாகவே எடுத்துக்கொண்டவர் ஜே.சி. குமரப்பா. எங்களுக்கு அடுத்த மதுரை மாவட்டத்தில், கல்லுப்பட்டியில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர்.

கைத்தொழிலுக்கு வருவதற்கான தடயம் எதுவும் அவருடைய முற்பாதி வாழ்வில் இல்லை. 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போதைய பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறை அலுவலர். மகன் லண்டன் சென்று கணக்காயர் ஆனார்; முதல் உலகப் போருக்குப் பின் திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். ஆங்கிலேய உடை, ஆங்கிலேயப் பழக்கவழக்கம், நல்ல வருமானம். 1927-இல் அமெரிக்கா போனார். சிராகியூஸில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி அறிஞர் செலிக்மனிடம் மாணவரானார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதை அங்கே ஆராய்ந்தார். தணிக்கையாளரின் கண்ணோடு ஆங்கிலேய அரசின் வரவு செலவைப் பார்த்தபோது, வறுமை தானாக வந்ததல்ல, நிதிக் கொள்கை வழியாகக் கொண்டுவரப்பட்டது என்று அவருக்குத் தெரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றி மேடைகளில் முழங்கியவர்கள் பலர். கணக்குப் புத்தகத்தைத் திறந்துகாட்டியவர்கள் சிலரே.

அந்த ஆய்வின் கையெழுத்துப் படியோடு 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். சந்திப்பு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர், மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து நூல் நூற்ற முதியவர்தாம் காந்தி என்பதைச் சற்றுத் தாமதமாகவே அறிந்தார் என்பார்கள். காந்தி அந்த ஆய்வைத் தம் இதழில் தொடராக வெளியிட்டார். குஜராத்தின் மாதர் வட்டக் கிராமங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்கும் பணியையும் அவரிடம் ஒப்படைத்தார். கொர்னேலியஸ், முன்னோர் வழிப் பெயரை ஏற்றுக் குமரப்பா ஆனார். மேனாட்டு உடை போயிற்று. அதன் இடத்தில் வேட்டியையும் பைஜாமாவையும் கலந்து, குறைந்த துணியில் வசதியாக இருக்கும்படி ஒரு கதர் உடையைத் தாமே வகுத்துக்கொண்டார். தோத்திஜாமா என்று அதற்குப் பெயர். பிறர் செய்து வைத்ததை அப்படியே அணியாமல் தன் தேவைக்கேற்பத் தானே ஒன்றைச் செய்துபார்க்கும் குணம் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது குமரப்பா அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் மகன்வாடி அதன் தலைமையிடம். செக்கெண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, சோப்பு, மண்பாண்டம், கைக்காகிதம் என்று அங்கே நடந்தவற்றைப் பட்டியலாகப் படித்தால் ஒரு கண்காட்சி போலத் தோன்றும். உண்மையில் அது ஆய்வுக்கூடம். தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கே உருவானது. பழைய கருவியைப் பழையது என்பதற்காகவே போற்றும் வழக்கம் அங்கே இல்லை. செக்கையும் குந்தாணியையும் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

காகிதத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன். கந்தலையும் பழைய தாளையும் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, தொட்டி நீரில் கலக்குவார்கள். சல்லடைச் சட்டத்தை அதில் அமிழ்த்தி ஒரே வீச்சில் மேலே தூக்க வேண்டும். தூக்கும் கணத்தில் இருபுறமும் மெல்ல அசைத்தால்தான் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்ளும். கூழ் எவ்வளவு கெட்டி, எவ்வளவு ஆழம் அமிழ்த்துவது, எப்போது அசைவை நிறுத்துவது என்பதையெல்லாம் கைதான் முடிவுசெய்கிறது. பிறகு தாளைத் துணிமேல் கவிழ்த்து, அழுத்தி நீர் வடித்து, உலர்த்தி, பசை பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நூறு தாள் எடுத்தவருக்கு நூற்றியோராவது தாளில் ஒரு நுட்பம் பிடிபடும். மற்றபடி, தொட்டியருகே நாள் முழுவதும் நின்றால் முதுகு வலிக்கும், கை ஊறிப்போகும்.

இந்த இரண்டும் சேர்ந்ததுதான் வேலை என்பது குமரப்பாவின் கோட்பாடு. வேலையில் சலிப்பூட்டும் பாடும் உண்டு. அறிவை வளர்த்து மனநிறைவு தரும் பகுதியும் உண்டு. உடலுக்கு உணவு எப்படியோ அப்படி மனிதனின் உயர்ந்த ஆற்றல்களுக்கு வேலை என்றார் அவர். பெருந்தொழில் முறை இவ்விரண்டையும் பிரித்து, பாட்டை ஒருவர் தலையிலும் இன்பத்தை வேறொருவர் மடியிலும் வைக்கிறது. அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்த தீட்டிய அரிசிதான் எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. தவிட்டை நீக்கிவிட்டு, அதிலிருந்த சத்தை மருந்துக் கடையில் தனியே வாங்குகிறோம். வார இறுதிப் பின்னல் வகுப்பும் அப்படி வாங்கும் சத்துதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தேன். 1871-இல் ஜெவன்ஸ் எழுதிய காலம் முதல் எங்கள் பாடநூல்கள் உழைப்பைத் துன்பமாகவும், கூலியை அத்துன்பத்துக்கான ஈடாகவும் கொள்கின்றன. ஓர் அச்சில் கூலி, மறு அச்சில் நேரம். தாள் எடுப்பவரின் கை கற்றுக்கொண்டதை வரைய அந்தப் படத்தில் இடம் இல்லை. தணிக்கையாளரான குமரப்பா விடுபட்ட இந்த வரவைக் கண்டுபிடித்தார் என்றே சொல்வேன். செலவுப் பக்கத்தையும் அவர் விடவில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று திருட்டுப் பொருளை வாங்குகிறவர் திருட்டிலும் பங்காளி ஆவதைப் போல, ஒரு பொருளை வாங்குகிறவர் அது உருவான சூழலுக்கும் பொறுப்பாளி என்று வாதிட்டார். 1935-இல் அகில இந்திய சர்க்கா சங்கம், நூற்பவர்களுக்கு வாழப் போதிய குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. விலை கூடினாலும் கூலியே முதலில் என்ற அந்த முடிவு, இன்றைய கைவினைச் சந்தைகளில் பேரம் பேசும் நமக்குச் சற்று உறுத்தலானது.

ஓவியரும் இந்த வட்டத்துக்குள் வந்தார். தாகூரோடு 1924-இல் சீனமும் ஜப்பானும் சென்று அந்நாட்டுத் தூரிகை மரபை நேரில் கண்டறிந்த நந்தலால் போஸ், 1938 ஹரிபுரா காங்கிரஸுக்காகக் காந்தியின் வேண்டுகோளின்படி வரைந்த படங்கள் கைக்காகிதத்தில் தீட்டப்பட்டவை. அவற்றில் இடம்பெற்றவர்கள் கொல்லர், தச்சர், பஞ்சு கொட்டுபவர், நூற்கும் பெண் போன்ற எளிய மக்கள். கலைஞனும் தொழிலாளியும் வேறு வேறு சாதி அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சாதி என்ற சொல் வந்துவிட்டதால் என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். கைத்தொழிலில் இன்பம் இருக்கிறது என்பது சரி. ஆனால் நம் நாட்டில் தொழில் பிறப்போடு கட்டப்பட்டது. தோலோடும் மண்ணோடும் வேலை செய்தவர்களுக்கு அந்த இன்பத்தோடு இழிவும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. குமரப்பா வருணத்துக்குப் பிறப்பை விடுத்து மனப்பாங்கின்படி விளக்கம் தந்தார். எனக்கு அது போதவில்லை. குந்தாணியில் நெல் குத்திய பெண்களின் பாட்டையும் அவர் குறைத்தே மதிப்பிட்டார் என்று நினைக்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் அரிசி ஆலை வந்தபோது வருந்திய பெண் ஒருவரையும் நான் கண்டதில்லை.

1942 போராட்டத்தை ஒட்டிய சிறைவாசத்தில், ஜபல்பூர் சிறையில், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிய தம் முதன்மையான நூலை எழுதினார். 1945-இல் வெளிவந்த அதற்கு முன்னுரை தந்த காந்தி, அவருக்குக் கிராமத் தொழில் முனைவர் என்று பட்டமும் சூட்டினார். எனக்குப் பல்கலைக்கழகம் தந்த பட்டத்தைவிட அது கடினமான தேர்வுக்குப் பின் கிடைத்தது. விடுதலைக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949-இல் அறிக்கை அளித்தார். நாடு பெரிய ஆலைகளின் பக்கம் நடந்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர், உடல்நலம் குன்றிய நிலையில், வேங்கடாசலபதி 1940-இல் நிறுவிய கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். 1960-இல், காந்தி மறைந்த அதே ஜனவரி 30 அன்று காலமானார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, சிறியதே அழகு என்ற ஷூமாக்கரின் நூல் உலகப் புகழ் பெற்றபோது, வேலையைப் பற்றிய குமரப்பாவின் கருத்து அதில் எடுத்தாளப்பட்டிருந்தது. மேற்கில் பலர் அவர் பெயரை அப்போதுதான் கேட்டார்கள்; இங்கேயும் சிலர் அதன் வழியாகத்தான் கேட்டார்கள்.

கிராமத் தொழில்களைக் கவனிக்க இன்று ஓர் ஆணையம் இருக்கிறது. உற்பத்தி மதிப்பு, விற்பனை, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு அதன் அறிக்கைகளில் தனித்தனிப் பத்திகள் உண்டு. ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் கைத்தறிச் சேலைக்குக் கரை கோக்கும் நெசவாளர் இந்தப் பத்திகளில் எண்ணிக்கையாக வருகிறார். எத்தனை ஆண்டுகளில் அவர் அதைக் கற்றார், இன்னும் எத்தனை ஆண்டுகள் தறியில் அமரும் எண்ணம் அவருக்கு இருக்கிறது என்பதற்குப் பத்தி இல்லை. அவருடைய பிள்ளைகள் திருப்பூருக்குப் பேருந்து ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.